வீட்டுக் கணக்கு: தவணைக்கு நடுவே ஒரு திடீர்ச் செலவு

கடன் வாங்குவது தவறில்லை, வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பதும் பெரிய விஷயம்தான். ஆனால் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தை ஒரே மாதத்தில் கவிழ்த்துவிடுவது எது தெரியுமா? பழைய கடன் அல்ல. பழைய தவணைக்கு நடுவே வந்து நிற்கும் ஒரு புதிய செலவும், அதற்காக அவசரத்தில் கை நீட்டி வாங்கும் இன்னொரு கடனும்தான்.

பெருந்துறைப் பக்கம் இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். சிப்காட் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் மாதம் ஒரு முறை. கொப்பரை, மஞ்சள் போடுபவருக்கு ஏலம் நடந்து காசு கைக்கு வரும்போதுதான் வருமானம். கூலிக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை பட்டுவாடா. குழுக் கடன் தவணையோ வாரா வாரம் அல்லது மாதா மாதம், தேதி மாறாமல் வந்து நிற்கும். வருகிற காசுக்கு ஒரு காலம், போகிற காசுக்கு ஒரு காலம். இந்த இடைவெளியில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு நுழைந்தால்?

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒரு குடும்பம், ஒரு மாதம்

கணவருக்குச் சம்பளம் 15,000 ரூபாய். மனைவிக்குத் தினக்கூலியில் மாதம் 9,000. ஆக 24,000. இரண்டு குழுக் கடனுக்குத் தவணை 4,500, பைக் தவணை 2,700, நகைக் கடன் வட்டிக்கு எடுத்துவைப்பது 800. மொத்தம் 8,000. வாடகை 4,500, மளிகை, பால், காய்கறி, கேஸ் 7,000, பள்ளி வேனும் டியூஷனும் 1,800, கரண்ட், போன் ரீசார்ஜ் 900, பெட்ரோல் 1,000. இது 15,200. எல்லாம் போக மிச்சம் 800 ரூபாய்.

இந்த வீட்டில் கணவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் தனியார் மருத்துவமனையில் சேர்த்து 45,000 ரூபாய் பில். தெரிந்தவரிடம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டினால், மாத வட்டி மட்டும் 1,350 ரூபாய். மிச்சமோ 800. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வட்டி கட்டவே இன்னொரு கடன் வேண்டும். குடும்பம் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

இதே செலவை வேறு மாதிரி சமாளிக்க முடியுமா? முடியும். அதற்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'யாரிடம் கடன் கேட்கலாம்?' என்பதல்ல. 'இந்தச் செலவை நாம்தான் செய்ய வேண்டுமா?' என்பது.

முதலில் பாருங்கள்: ஏற்கெனவே நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளர்கள், சட்டம் பொருந்தும் நிறுவனங்களில் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருவார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளி பங்கு, 3.25 சதவீதம் முதலாளி பங்கு. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 113 ரூபாய் பிடிக்கிறார்கள். பே ஸ்லிப்பில் அந்த வரியைப் பார்த்து, 'இதுவும் ஒரு பிடித்தம்' என்று சலித்துக்கொள்வோமே தவிர, அது மனைவி, மக்கள் சிகிச்சைக்கும் சேர்த்துத்தான் என்பதைப் பல வீடுகளில் நினைத்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றளித்தால், தினச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. தேவையான நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நம் குடும்பக் கணக்குக்கு வருவோம். இ.எஸ்.ஐ. வழியாகச் சிகிச்சை எடுத்தால் 45,000 ரூபாய் பில்லே இல்லை. 20 நாள் ஓய்வு என்றால் சம்பள இழப்பு 10,000. பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்கு உதவித்தொகை கிடையாது. மீதி 18 நாட்களுக்கு நாளொன்றுக்கு 350 வீதம் 6,300 வரும். இழப்பு 3,700. உடனிருந்து பார்த்துக்கொள்ள மனைவி பத்து நாள் வேலைக்குப் போகாததில் 3,000, ஆட்டோ, சாப்பாடு, சில்லறைச் செலவு 2,500. ஆக மொத்தம் 9,200. 45,000 ரூபாய் பள்ளம் 9,200 ஆகச் சுருங்கிவிட்டது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, நன்றாக இருக்கும்போதே கார்டு எடுத்து வைப்பது நல்லது.

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம். அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, குறிப்பிட்ட உச்சவரம்பு வரை, காசு கட்ட வேண்டியதில்லை. பெருந்துறைக்காரர்களுக்கு ஊருக்குள்ளேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஐ.ஆர்.டி.டி. என்று ஊரார் இன்றும் பழைய பெயரில் சொல்வார்களே, அதுதான். உயிர் ஆபத்து என்றால் எது பக்கமோ அங்கே போங்கள். அதில் யோசனையே வேண்டாம். ஆனால் நான்கு நாள் அவகாசம் உள்ள சிகிச்சைக்கு, கடன் வாங்கும் முன் இந்தக் கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மீதி 9,200-க்கு என்ன வழி?

அவசரத்துக்குப் பணம் புரட்டும்போது இந்த வரிசையில் போங்கள்.

1. சுய உதவிக் குழுவின் உள்கடன். 1989-இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய குழுக்களின் அடிப்படையே சேமிப்பும் உள்கடனும்தான். வட்டியும் குழுவுக்கே திரும்பி வருகிறது. நூற்றுக்கு இரண்டு வட்டியில் 6,000 ரூபாய் வாங்கி, மாதம் 600 வீதம் பத்து மாதத்தில் அடைத்தால் மொத்த வட்டி 660 ரூபாய். முதல் மாதம் 720 ரூபாய். நம் 800-க்குள் அடங்கிவிடுகிறது.

2. வேலை பார்க்கும் இடத்தில் முன்பணம். "ஏனுங்க, 3,200 ரூபா வேணுமுங்க, தீபாவளி போனஸ்ல புடிச்சுக்குங்க" என்று நேரடியாகக் கேட்டுவிடலாம். வட்டி இல்லை. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். தண்டல்காரர் வாசலில் வந்து நிற்கும்போது வரும் கூச்சத்தைவிட இது குறைவு.

3. சும்மா இருக்கும் நகை. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைக்கலாம். ஆண்டு வட்டிக் கணக்கில்தான் வரும். ஆனால் மீட்கும் தேதியை அன்றே காலண்டரில் குறித்துவிட வேண்டும்.

4. பி.எஃப். கணக்கில் இருந்து நோய்ச் செலவுக்கு முன்பணம். வட்டியில்லை என்றாலும் அது வயதான காலத்துக்கான காசு. கடைசியாகத்தான் தொட வேண்டும்.

இந்தப் பக்கம் போகவே வேண்டாம்

தண்டல். 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் நூறு நாள். '1,500 ரூபாய்தானே அதிகம்' என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி சுமார் 120 சதவீதம். தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி, ரன் வட்டி இவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது.

கிரெடிட் கார்டில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டுவதும் இதே ரகம்தான். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. செல்போன் கடன் ஆப் என்றால், பணம் கொடுப்பது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று முதலில் பாருங்கள். பெயர் இல்லை, அல்லது போனில் இருக்கும் நண்பர்கள் எண்ணையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கிறது என்றால், அந்த ஆப்பை உடனே நீக்கிவிடுங்கள்.

ஒரு குழுத் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் கடன் வாங்குவதும் கூடாது. இது இன்றைய தவணையை நாளைக்குத் தள்ளுவதல்ல. நாளை இரண்டு தவணையாக்குவது.

தவணை தள்ளிப்போகும் என்று தெரிந்தால்

தேதி தாண்டிய பிறகு போனை எடுக்காமல் இருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. தேதிக்கு முன்பே கிளைக்குப் போய், காரணத்தைச் சொல்லி, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எவ்வளவு கட்ட முடியும் என்று அதில் எழுதுங்கள். முடியாத தொகையை வாக்குக் கொடுக்காதீர்கள். குழுக் கடன் என்றால் கூட இருக்கும் பெண்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று காலையில் தெரிந்தால்தான் அவர்களுக்குக் கோபம் வரும்.

உங்கள் பக்கம் இருக்கும் விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் பிணையில்லாமல் தரும் சிறுகடன்களுக்கு, ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் இருந்து நடைமுறைப்படுத்தியவை இவை:

* குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக்கூடாது.
* தாமதக் கட்டணம் தவறிய தொகைக்கு மட்டும்தான். மொத்தக் கடனுக்கும் போடக்கூடாது.
* முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது.
* வசூலுக்கு இருவரும் ஒப்புக்கொண்ட ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம்.
* காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது. மிரட்டுவது, திட்டுவது, உறவினர்களைத் தொந்தரவு செய்வது கூடாது.

மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். விவரம் கேட்க 14448. கடன் வசூலுக்காக மிரட்டித் துன்புறுத்துவதைத் தடுக்க 2025-இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு அதில் இடம் இருக்கிறது. காவல் நிலையம் போகத் தயங்க வேண்டாம்.

கடனைவிடக் கடன் தரும் அவமானம்தான் பலரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறது. தூக்கம் வராமல், யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம்.

கடனிலும் ஒரு சேமிப்பு

'கடனுக்கு 24 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு, 3 சதவீத வட்டிக்குச் சேமிப்பதா?' என்று கேட்கலாம். கணக்கு சரிதான். 5,000 ரூபாயைச் சேமிப்பில் வைத்தால் ஆண்டுக்கு 1,050 ரூபாய் நஷ்டம். ஆனால் அந்த 5,000 இல்லாத ஒரே காரணத்துக்காக ஒரு தண்டல் எடுத்தால், நூறு நாளில் 1,500 போய்விடுகிறது. ஆண்டுக்கு ஒரு தண்டலைத் தவிர்த்தாலே சேமிப்பு ஜெயித்துவிடும்.

முதல் இலக்கு 5,000. அடுத்தது ஒரு மாதத் தவணைத் தொகை. நம் குடும்பத்துக்கு 8,000. மிச்சப்படும் 800-ல் மாதம் 500 தனியாக எடுத்து வைத்தால் பத்து மாதத்தில் முதல் இலக்கு வந்துவிடும். அதுவும் முடியாதவர்கள் தபால் அலுவலக ஆர்.டி.யில் மாதம் 100 ரூபாயில்கூடத் தொடங்கலாம்.

இன்னொரு விஷயம். திடீர்ச் செலவு என்று நாம் சொல்வதில் பாதி திடீர் அல்ல. ஜூனில் பள்ளிக் கட்டணம், பைக் இன்சூரன்ஸ், நோம்பி, தீபாவளி எல்லாம் தேதி போட்டு வருபவை. கல்யாணம், காதுகுத்து என்று நம் பக்கம் மொய்யும் சீரும் பெரிய செலவு. அதற்கும் முன்னறிவிப்பு வீட்டிலேயே இருக்கிறது: மொய் நோட்டு. நமக்கு யார் எவ்வளவு செய்தார்கள், அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே, அடுத்த இரண்டு ஆண்டில் திரும்பச் செய்ய வேண்டியது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கணவன், மனைவி இருவரும் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் மறைக்காமல், எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு பாக்கி, தவணை என்ன, என்ன வட்டி. கீழே இ.எஸ்.ஐ. எண், காப்பீட்டுக் கார்டு எண், பி.எஃப். எண் மூன்றையும் எழுதி, அந்தத் தாளை ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், பர்ஸுக்கு முன்னால் கையில் எடுக்க வேண்டியது அதுதான்.