பதின்மூன்று வாரக் கல்வி



ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. அறிவியல், காடு, விலங்கு, பயணம் என்று டிவியில் உருப்படியாக எதைப் பார்க்க வைக்கலாம்? ஒரு பட்டியல் கொடுங்களேன்."

பட்டியல் போடுவது சுலபம். இணையத்தில் தேடினால் நூறு பெயர் வந்து விழும். அதில் பாதி கண்ணுக்கு விருந்து, அதோடு சரி. அதனால் பட்டியலை விட்டுவிட்டு என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம்.

ஆவணத் தொடர்களில் உச்சம் என்று நான் நினைப்பவை மூன்று. ஜேக்கப் ப்ரனோவ்ஸ்கியின் 'தி அசென்ட் ஆஃப் மேன்' (1973), டேவிட் அட்டன்பரோவின் 'லைஃப் ஆன் எர்த்' (1979), கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்' (1980). மூன்றுமே உங்கள் பிள்ளைகள் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் வந்தவை. மூன்றுக்கும் 13 பகுதிகள்தான். ஆண்டுக்கு 52 வாரம். அதில் கால் பங்கு 13. தொலைக்காட்சி நிலையங்கள் காலாண்டுக் கணக்கில் நிகழ்ச்சிகளைத் திட்டமிட்ட காலம் அது. நம் தூர்தர்ஷனும் 13 வாரக் கணக்கில்தான் தொடர்களுக்கு இடம் கொடுத்தது.

இந்த அளவு எப்படிப் பழக்கத்துக்கு வந்தது என்பதே ஒரு நல்ல கதை. 1967-இல் பிபிசியின் இரண்டாவது அலைவரிசை வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அட்டன்பரோ. வண்ணம் வந்துவிட்டது, அதில் காட்டத் தகுந்ததாக எது இருக்கிறது என்று யோசித்தார். ஐரோப்பியக் கலை வரலாற்றை கென்னத் கிளார்க் 13 வாரம் சொல்லும் 'சிவிலைசேஷன்' தொடர் அப்படிப் பிறந்து, 1969-இல் ஒளிபரப்பானது. கலைக்கு ஒன்று வந்துவிட்டால் அறிவியலுக்கு வேண்டாமா? அதற்கு வந்ததுதான் ப்ரனோவ்ஸ்கியின் தொடர். பிறகு அட்டன்பரோ நிர்வாக நாற்காலியை உதறிவிட்டு, உயிர்களின் கதையைச் சொல்லத் தானே கிளம்பினார். ப்ரனோவ்ஸ்கி தொடரின் தயாரிப்பாளர் ஏட்ரியன் மலோன் அமெரிக்கா போய் சேகனோடு சேர்ந்து 'காஸ்மாஸ்' எடுத்தார். ஆக, மூன்றும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம்.

வாரம் ஒரு அத்தியாயம் வாசித்து, அடுத்த இதழுக்காகக் காத்திருந்து பழகிய நமக்கு அந்த 13 வாரத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஒரு எண்ணம் வளர்வதற்கு அது அவகாசம் தருகிறது. இன்று இந்தத் தொடர்கள் நம் கைக்கு வருவது இரண்டு நிமிடத் துண்டுகளாக. துண்டாக வரும்போது என்ன தொலைகிறது என்பதற்கு ப்ரனோவ்ஸ்கியின் 11-வது பகுதியே சாட்சி.

அதன் கடைசிக் காட்சி பிரசித்தம். போலந்தின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில், எரிக்கப்பட்டவர்களின் சாம்பலைக் கொட்டிய குட்டை. கோட்டும் சூட்டும் அணிந்த ஒரு முதியவர் காலணியோடு அந்தத் தண்ணீரில் இறங்கி, குனிந்து, சேற்றை ஒரு கைப்பிடி அள்ளுகிறார். அவருடைய உறவினர்கள் பலர் அங்கே மாண்டவர்கள். இந்தத் துண்டை மட்டும் பார்த்தாலும் நெஞ்சு கனக்கும். முழுப் பகுதியையும் பார்த்தவர்களுக்கோ அது ஒரு வாதத்தின் முடிவு. பார்வையற்ற பெண் ஒருவர் ஒரு மனிதரின் முகத்தைத் தடவி, அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்வதில் அந்தப் பகுதி தொடங்குகிறது. அதே முகத்தை ஓவியர் வரைகிறார். எக்ஸ்ரே படம் பிடிக்கிறது. எத்தனை நுட்பமான கருவியாலும் ஒரு முகத்தைப் பற்றிய கடைசி உண்மையைச் சொல்லிவிட முடிவதில்லை. அங்கிருந்து அளவீட்டுப் பிழைகளை ஆராய்ந்த காஸ், நிச்சயமின்மைக் கோட்பாட்டைத் தந்த ஹைசன்பர்க் என்று போய், ஹிட்லர் காலத்து ஜெர்மனிக்கு வருகிறது. எல்லாம் எங்களுக்குத் தெரியும், சந்தேகத்துக்கே இடமில்லை என்கிற இறுமாப்பு எதில் கொண்டுபோய் விடும் என்று கேட்டபிறகுதான் ப்ரனோவ்ஸ்கி குட்டையில் இறங்குகிறார். அறிவியல் மனிதர்களை எண்களாக்கிவிட்டது என்ற குற்றச்சாட்டுக்கு அவருடைய பதில் அது: மனிதர்களை எண்களாக்கியது அறிவியலன்று, ஆணவம். தொடர் வெளிவந்த மறு ஆண்டே ப்ரனோவ்ஸ்கி இறந்துபோனார்.

'காஸ்மாஸ்' தொடரில் நமக்குச் சொந்தமான ஓர் இடம் உண்டு. 10-வது பகுதியில் சேகன் தமிழ்நாட்டுக்கு வருகிறார். கிராமத்தில் பொங்கல் பொங்குவதைக் காட்டுகிறார். சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனியின் முன் நின்று அண்டத்தின் பிறப்பையும் அழிவையும் பேசுகிறார். பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் 864 கோடி ஆண்டுகள். பூமியின் வயதைவிட, சூரியனின் வயதைவிட நீளமான கணக்கு. இன்றைய அண்டவியலின் கால அளவோடு ஒட்டிவருவது இந்து சமயத்தின் கணக்கு மட்டுமே என்றும் சொல்கிறார்.

இந்தத் துண்டு உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். எனக்கு வருடத்துக்கு நாலு தடவையாவது வருகிறது. ஆனால் அதே வாக்கியத்தின் நடுவிலேயே, இந்தப் பொருத்தம் சந்தேகமில்லாமல் தற்செயலானது என்றும் சேகன் சொல்கிறார். அனுப்புகிறவர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. எழுத்தில் அனுப்பும்போது பலர் வெட்டியே விடுகிறார்கள். புராணத்தின் கற்பனை வீச்சை மனமாரப் பாராட்டலாம். ஆதாரம் என்பது வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததுதான் சேகனின் பெருமை. முந்தைய ஒன்பது வாரமும் ஆதாரம் என்றால் என்ன என்று பார்த்துவந்த ரசிகர், அந்தத் 'தற்செயல்' என்ற சொல்லை நழுவவிட மாட்டார்.

'லைஃப் ஆன் எர்த்' பற்றிச் சொல்லவே வேண்டாம், எல்லோரும் கொரில்லாக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ருவாண்டாவின் மலைக்காடு. டையன் ஃபாஸி ஆய்வு செய்துவந்த கொரில்லாக் கூட்டம். மற்ற விரல்களோடு சேர்ந்து இயங்கும் கட்டைவிரலைப் பற்றி அட்டன்பரோ அங்கே பேசுவதாகத்தான் திட்டம். கொரில்லாக்கள் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டன. குட்டிகள் அவர் காலணியைக் கழற்றப் பார்த்தன. அவர் கட்டைவிரலை மறந்துவிட்டு, மனதில் பட்டதைத் தாழ்ந்த குரலில் பேசினார். படச்சுருளைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்ததால் அந்த விளையாட்டில் கொஞ்சம்தான் பதிவானது. இந்தக் காட்சி வருவது 12-வது பகுதியில். ஒரு செல் உயிரில் தொடங்கி, புழு, பூச்சி, மீன், தவளை, பறவை என்று பதினொரு வாரம் ஏறிவந்த பிறகு வருகிறது. அப்படிப் பார்க்கும்போது அது விலங்கோடு விளையாடும் காட்சி என்பதைத் தாண்டி, உறவுக்காரர்களைச் சந்திக்கிற காட்சியாகிவிடுகிறது.

இனி நான் திட்டு வாங்கப்போகும் இடம். 2006-இல் வந்த 'பிளானட் எர்த்' தொடரை இந்த மூன்றுக்கு அடுத்த படியில்தான் வைப்பேன். ஐந்து ஆண்டு உழைப்பு. பாகிஸ்தானின் மலைச்சரிவில் பனிச்சிறுத்தை ஆட்டைத் துரத்தும் காட்சியைப் பார்த்து வாயடைத்துப்போனவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் மலை, குகை, பாலைவனம் என்று ஒவ்வொரு பகுதியும் தனித்தனி. எந்த வரிசையில் பார்த்தாலும் நஷ்டமில்லை. கோக்காத முத்துகள் அவை. பகுதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் அதை எப்படி எடுத்தார்கள் என்று காட்டுவார்களே, பிள்ளைகளை அதற்கு முன் எழுந்துபோக விடாதீர்கள். எப்படி எடுத்தார்கள் என்று காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1958-இல் வந்து ஆஸ்கர் வாங்கிய டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' படத்தில் லெம்மிங் எலிகள் கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்வதாகக் காட்டினார்கள். கடலே இல்லாத ஆல்பர்ட்டா மாகாணத்தில், விலைக்கு வாங்கிவந்த எலிகளை வைத்து எடுத்த காட்சி அது. அந்தப் பொய்யை நம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

சாகசத்துக்கு வருவோம். பேர் கிரில்ஸ் தமிழ் பேசியபடி புழு தின்றது நம் வீடுகளில் எத்தனை பிரபலம் என்று தெரியும். 2020-இல் ரஜினியும் பந்திப்பூர் காட்டில் அவரோடு நடந்தார். பொழுதுபோக்காகப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கிரில்ஸின் பழைய தொடரில் ஆபத்துகள் சில ஏற்பாடு செய்யப்பட்டவை என்ற செய்தி 2007-இல் வெளியாகி, அதன்பின் அறிவிப்பு ஒன்றும் சேர்க்கப்பட்டது. எனக்குப் பிடித்த சாகசம் 1989-இல் வந்த மைக்கேல் பாலினின் 'அரவுண்ட் த வேர்ல்ட் இன் 80 டேஸ்'. ஜூல் வேர்னின் நாவலைப் போலவே, விமானம் ஏறாமல் உலகைச் சுற்றவேண்டும் என்பது நிபந்தனை. அதன் உச்சம், துபாயிலிருந்து பம்பாய்க்கு மரக்கலத்தில் வரும் பகுதி. குஜராத்தி மாலுமிகள், வெயில், வயிற்றுக்கோளாறு, நகராத கடல். நடப்பதென்று பார்த்தால் ஒன்றுமில்லை. கடைசியில் பிரிகிறபோது பாலினுக்குத் தொண்டை அடைக்கிறது, பார்ப்பவர்களுக்கும்தான். பம்பாயிலிருந்து ரயிலில் சென்னைக்கு வந்து, இங்கிருந்து சரக்குக் கப்பலில் சிங்கப்பூருக்குப் போகிறார். முப்பது வருடத்துக்கும் முந்தைய மெட்ராஸைப் பார்க்க ஆசைப்படுகிற தாத்தா பாட்டிகளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு யோசனை. ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டுத் தீர்க்காதீர்கள். வாரம் ஒன்று போதும். லீவு முடிந்தாலும் ஜூலை வரை ஓடட்டும். ஆங்கிலம் புரியாத இடத்தில் நிறுத்தி, உங்களுக்குத் தெரிந்த தமிழில் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் பிள்ளைகளே திருத்துவார்கள்.

எனக்கு ஒரு பேராசை உண்டு. தமிழிலேயே யோசித்து, தமிழிலேயே எழுதி, 13 வாரம் ஓடும் ஓர் அறிவியல் தொடர் வரவேண்டும். கைதேர்ந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தை 1980களிலேயே படமாக்கிய சேகர் தத்தாத்ரி சென்னைக்காரர். சென்னையில் பாம்புப் பண்ணையையும் சென்னைக்கு அருகே முதலைப் பண்ணையையும் உருவாக்கிய ரோமுலஸ் விட்டேகரின் 'கிங் கோப்ரா' 1998-இல் எம்மி விருது வாங்கியது. விஷயத்துக்கும் குறைவில்லை. நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துவரும் கொடைக்கானல் வானாய்வகம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் இருக்கின்றன. பாக் நீரிணையில் ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற கடற்புல் இருக்கிறது. சோலைக்காடும் வரையாடும் இருக்கின்றன.

அப்படியொரு தொடருக்கு உங்கள் 13 பகுதிகள் எவையாக இருக்கும்? வரிசை முக்கியம், எதற்குப் பின் எது, ஏன் என்று ஒரு வரி சேர்த்து எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் எழுதினால் இன்னும் நல்லது. நல்ல வரிசைகளை ஜூன் இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்