வழிப்போக்கனும் அம்புக்குறியும்

கணினி விளையாட்டுக்களைப் பற்றிக் கல்லூரி மலரொன்றில் எழுதுதல் தகுமோ என ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். கதையும் நாடகமும் ஆராய்ச்சிக்குரியவாயின், படிப்போனே கதையினுட் புகுந்து ஒரு பாத்திரமாகி நடக்கும் இப்புதுக் கலையும் ஆராய்ச்சிக்குரியதே என்பது எமது துணிபு. ஈண்டு ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் முற்பாகங்கட்கும் பிற்பாகங்கட்கும் இடையே நேர்ந்த மாறுதலைக் குறித்துச் சில கூறுவாம்.

அமெரிக்க நாட்டுப் பெதஸ்டா நிறுவனத்தார் வெளியிட்ட 'எல்டர் ஸ்குரோல்ஸ்' என்பதே அவ்வரிசை. 1994-இல் 'அரீனா', 1996-இல் 'டாகர்ஃபால்', 2002-இல் 'மாரோவிண்ட்', 2006-இல் 'ஆப்ளிவியன்', 2011-இல் 'ஸ்கைரிம்' எனப் பெரும் பாகங்கள் ஐந்து. யாவும் டாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டத்தின்கண் நிகழ்வன. முதலிரண்டும் பரப்பாற் பெரியன. ஆயினும் டாகர்ஃபாலின் ஊர்களிற் பெரும்பாலன கணினியே விதிமுறைப்படி ஆக்கியவை ஆதலின், ஓரூரைக் கண்டவன் நூறூரைக் கண்டவனே. ஆகவே பின்னைய மூன்றையுமே ஒப்புநோக்குவோம்.

மாரோவிண்டின் கதாநாயகன் கப்பலில் வந்திறங்கும் ஒரு சிறையாளி. செய்டா நீன் என்னும் சதுப்பு நிலத்துச் சிற்றூரில் விடுவிக்கப்பட்டு, பல்மோரா நகரிலுள்ள ஒருவரிடம் ஒரு பொதியைச் சேர்ப்பிக்குமாறு பணிக்கப்படுகிறான். அவ்வளவே. எவ்விடம் செல்வது என்பதற்கு அம்புக்குறி கிடையாது. பாலம், பாறை, பாழ்மண்டபம் முதலியவற்றை அடையாளங் கூறி ஊரார் வழி சொல்லுவர். அது நாட்குறிப்பில் எழுதப்படும். அதைப் படித்துப் படித்து நடத்தல் வேண்டும். சிற்சில இடங்களில் ஊரார் சொன்ன வழியே பிழையாயிருக்கும்! அதனைக் குறையென்பார் உளர். வழி கேட்டு நடந்த அனுபவமுடையார்க்கோ, அதுவே உலகியற்கையாகத் தோன்றும்.

அவ்வூரைவிட்டுச் சிறிது தூரம் செல்லுமுன் ஒரு நிகழ்ச்சி. வானத்தினின்றும் ஒரு மனிதன் அலறிக்கொண்டு விழுந்து மாள்கிறான். அவனுடலிற் சில மந்திரச் சுருள்களும் ஒரு குறிப்பேடும் உள்ளன. சுருளைப் பயன்படுத்தினால் தீவின் பெரும்பகுதியைத் தாண்டுமளவு உயரத் துள்ளலாம்; இறங்குதற்கு வழி செய்துகொள்ளாதவன் அவ்விறந்தோன் சென்ற வழியே செல்வன். இங்ஙனம் செய்யற்க என எவரும் எச்சரிப்பதில்லை. பிணமே எச்சரிக்கை. இத்துணைச் சுருக்கமாக ஓர் உலகத்தின் இயல்பைக் கற்பித்த இடம் இவ்வரிசையிற் பிறிதொன்றில்லை என்பேம்.

ஆப்ளிவியனிலும் ஸ்கைரிமிலும் நிலைமை வேறு. போகவேண்டிய இடத்தைத் திசைகாட்டியில் ஓர் அம்புக்குறி காட்டி நிற்கும். முன்பு கண்ட ஊருக்குப் படத்தைத் தொட்ட அளவிற் சென்றுவிடலாம். மாரோவிண்டிலும் விரைவுப் பயணம் உண்டு. ஆனால் அது வண்டாகிய பெருவிலங்கின் முதுகிலோ, படகிலோ, மந்திரவாதியர் சங்கத்தின் துணைகொண்டோ, குறித்த ஊர்களினிடையே கூலி கொடுத்துச் செல்வது. எவ்வூரிலிருந்து எவ்வூருக்கு எது செல்லும் என்று மனத்திற் பதித்துக்கொள்ளாதவன் இடர்ப்படுவான். அம்பு வேண்டாதார் அதனை மறைத்துக்கொள்ளலாமே என்பர் சிலர். மறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஸ்கைரிமில் வழி சொல்லுவோர் பெரும்பாலும் இல்லை. அம்பு இருக்கிறதென்னும் துணிவால், எழுதியோர் வழியை எழுதாமலே விட்டனர். ஊன்றுகோலைக் கொடுத்த பின்னர்ப் பாதையையே அழித்ததொப்பது இது.

"பழையது அரிது, புதியது எளிது; ஆதலாற் பழையதே சிறந்தது" என்னும் கூற்று அன்பர் பலரிடம் வழங்குகின்றது. இதனை யாம் ஒப்புக்கொள்ளோம். மாரோவிண்டில் வாள் எதிரியின் உடலிற் பட்டதைக் கண்ணாற் காண்கிறோம். ஆனால் உள்ளே உருளும் எண்கள் தவறியது என்கின்றன. தொடக்கத்தில் ஓர் எலியைக் கொல்லவும் களைத்துப் போகிறோம். நடையோ ஆமைநடை. மக்கள் இரவும் பகலும் நின்றவிடத்தே நிற்பர். யாரை வினவினும் ஒரே கலைக்களஞ்சியத்தின் ஏட்டைப் படிப்பார் போல விடை கூறுவர். ஒதுங்கியதொரு கரையில், பேசும் நண்டொன்று பதினாயிரம் பொற்காசுடன் வாணிகம் செய்கின்றது. நகரத்துச் செட்டிகளிடத்தும் அத்துணைப் பணம் இல்லை! இவையெல்லாம் அருமையல்ல, குறைகளே. ஆப்ளிவியனில் மக்கள் உண்பர், உறங்குவர், கடையடைப்பர். அனைவர்க்கும் குரல் உண்டு. ஸ்கைரிமின் மலைகளும் பனிமாரியும், தொலைவிற் கண்ட சிகரத்தை நோக்கி நடந்தே அடையும் மகிழ்ச்சியும் மாரோவிண்டின் சாம்பற்புழுதியில் வாய்ப்பன அல்ல. வேலை முடிந்து ஒருமணி நேரமே ஓய்வுடையானுக்கு அம்புக்குறி ஓர் உபகாரமென்பதையும் மறுத்தல் நேர்மையன்று.

பின் எதனைத்தான் இழந்தோம்? ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை இழக்கவேண்டும் என்னும் நிலையை இழந்தோம் என்பதே எமது அபிப்பிராயம்.

மாரோவிண்டில் ஹ்லாலு, ரெடோரான், டெல்வானி என்னும் பெருங்குடிகள் மூன்றனுள் ஒன்றிற் சேர்ந்தால் ஏனையவற்றின் கதவு அடைபடும். டெல்வானியர் வாழும் காளான் கோபுரங்கட்குப் படிக்கட்டே இல்லை. வானில் மிதக்கும் மந்திரம் அறியாதான் மேலேற இயலாது. சங்கங்களிற் பதவி உயர, அதற்குரிய கலைகளில் இவ்வளவு தேர்ச்சி வேண்டுமென்று எண்ணிட்டுக் கேட்பர். ஸ்கைரிமிலோ விண்டர்ஹோல்டு என்னுமிடத்தில் மந்திரக் கல்லூரியொன்றுண்டு; மந்திரத்தில் மிகச் சிறிதே பயின்ற ஒருவன் அங்கே சேர்ந்து, சில வேலைகளை முடித்து, அதன் தலைவனாகவே ஆகிவிடலாம். தேர்வு நெருங்கும் இக்காலத்தில் நம் மாணவர் சிலர்க்கு இச்செய்தி உவப்பளிக்குமென அஞ்சுகிறோம்.

கொலையையும் எடுத்துக்கொள்க. கதைக்கு இன்றியமையாத ஒருவரை மாரோவிண்டில் ஆடுவோன் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்ததென ஆட்டம் அறிவிக்கும். ஆனால் ஆட்டத்தை நிறுத்தாது. பழைய சேமிப்பிற்குத் திரும்பலாம், அல்லது தான் கெடுத்த உலகிலேயே வாழலாம். அப்பொழுதும், குலத்தில் எஞ்சிய ஒரே குள்ளனைத் துணைக்கொண்டு கதையை முடிக்கும் புறவழியொன்று மறைந்துள்ளது! பிந்தியவற்றில் அத்தகையார் வெட்டுண்டு விழுவர். சிறிது நேரத்தில் எழுந்து நிற்பர். தீமை செய்தவனுக்குத் தான் செய்தது இன்னதென்று தெரிவதேயில்லை.

இவ்வகையில் மிகப் பிழைபட்டது ஆப்ளிவியனே. ஆடுவோன் வலிமை பெறப் பெற உலகமுழுதும் அவனுடன் வலிமை பெறும். சாலையில் நூறு காசுக்கு மறிக்கும் கள்வர், பின்னாளில் அரசர்க்கும் அரிய கவசமணிந்து நின்று அதே நூறு காசைக் கேட்பர். கற்றவனும் கல்லாதவனும் ஒரே தூரத்திலேயே நிற்பராயின், கற்றலாற் பயன் யாது? ஸ்கைரிமை ஆக்கியோர் பெரும்பாலான இடங்கட்கு எல்லை வகுத்து இதனை ஓரளவு திருத்தியமை போற்றத்தக்கது.

சமயம் பற்றிய பொருளிலும் ஒன்று சொல்லவேண்டும். மாரோவிண்டின் மக்கள் வணங்கும் தெய்வங்கள் மூவரும் ஒருகாலத்து மனிதராயிருந்தோர். அவர் தம் ஆற்றலை எவ்வாறு பெற்றனர் என்பதில் கோயிலார் ஒன்று கூறுவர், கோயிலை மறுத்த துறவியர் வேறு கூறுவர், பாலைக் குடியினர் பிறிதொன்று கூறுவர். நாயகன் மெய்யாகவே மறுபிறப்பெடுத்த வீரனா, அன்றி அரசன் அனுப்பிய வேடதாரியா என்பதையும் ஆட்டம் முடிவாகச் சொல்வதில்லை. ஸ்கைரிமில் நாயகன் வேதாளப்பாம்பின் ஆன்மாவை உறிஞ்சிய கணமே அவன் யாரென்பது ஊரறிந்ததாகிவிடுகிறது. அங்கே ஐயத்திற்கு இடந்தருவது உள்நாட்டுப் போரொன்றே. பேரரசின் பக்கமும் நியாயம், கிளர்ச்சியாளர் பக்கமும் நியாயம், இருபாலும் இழுக்கு. அப்பகுதி பழைய பாகங்களுக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று.

ஆறாம் பாகம் வரவிருப்பதாக 2018-இல் அறிவித்தனர். அதை ஆக்குவோர்க்கு எமது வேண்டுகோள் பெரிதன்று. அம்புக்குறி இருக்கட்டும், வேண்டுவார் கொள்க. ஆயினும் சாலையோரத்தில் நிற்கும் குடியானவனை நாயகன் நெருங்கி வினவுங்கால், எந்தப் பாலத்தைக் கடந்து எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதை அவனும் அறிந்திருத்தல் வேண்டும்.