ஸ்கூபா டைவிங்: கூட வர ஆள் இல்லையா? தனியாகக் கிளம்பும் முன் இதைப் படிங்க!

“யார்கூடம்மா போற?”

வெளியூர் கிளம்பும் பிள்ளைகளிடம் நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். ஸ்கூபா டைவிங்கில் இந்தக் கேள்விக்கு பதில் இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது.

டைவிங் பயிற்சி முடித்து சர்டிஃபிகேட் வாங்கும்போது கூடவே ஒரு தோழியோ நண்பரோ இருப்பார். அடுத்த வருடம் அவருக்கு லீவு கிடைக்காது அல்லது கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பார். ‘இனி எப்படிப் போறது?’ என்று அந்தமான் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

தள்ளிப்போட வேண்டாம். டிக்கெட்டைத் தனியாகப் போடலாம், கடலுக்குள்தான் தனியாக இறங்கக் கூடாது. அங்கே ஜோடி சேர்த்துவிடுவது டைவ் சென்டரின் வேலை. அந்த ஜோடி சரியாக அமைய நாம் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

ஜோடி எதற்கு?

20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல 3 மடங்கு. அதனால் சிலிண்டர் காற்றும் 3 மடங்கு வேகமாகக் காலியாகும். அங்கே காற்று தீர்ந்தாலோ, கருவி மக்கர் பண்ணினாலோ, உடனடி உதவி பக்கத்தில் இருப்பவரின் உபரி ரெகுலேட்டர்தான். அதில் மூச்சு விட்டபடியே இருவரும் மேலே வந்துவிடலாம்.

முதன்முறையாக முயல்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பயிற்சியாளர் கூடவே இருப்பார். அதிகபட்சம் 12 மீட்டர்தான்.

புக்கிங்குக்கு முன்...

பணம் கட்டும் முன் டைவ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். ‘நான் தனியாக வருகிறேன். யாருடன் ஜோடி சேர்ப்பீர்கள்? கைடு ஒருவருக்கு எத்தனை பேர்?’ என்று கேளுங்கள். புதியவர் என்றால் முதல் நாள் கைடையே ஜோடியாகக் கேட்கலாம். கூடுதல் கட்டணம் ஆனாலும் அது வீண் செலவு இல்லை.

எந்த இடத்துக்குக் கூட்டிப்போவார்கள் என்பதும் முக்கியம். ‘ஓப்பன் வாட்டர்’ சர்டிஃபிகேட்டுக்கு 18 மீட்டர், ‘அட்வான்ஸ்டு’க்கு 30 மீட்டர் என்பது வரம்பு. ஹேவ்லாக் என்கிற ஸ்வராஜ் தீவில் ‘ஜானிஸ் கார்ஜ்’, ‘டிக்சன்ஸ் பினாக்கிள்’ போன்றவை ஆழமான இடங்கள். மற்றவர்கள் போகிறார்களே என்று நீங்களும் தலையாட்ட வேண்டாம்.

கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால், ஆழம் குறைந்த இடத்தில் ரெஃப்ரெஷர் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, இதயப் பிரச்னை போன்றவற்றை உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

படகில் அந்தப் பத்து நிமிடம்

ஜோடியாக வருபவர் முன்பின் தெரியாதவர். தண்ணீரில் பேசவும் முடியாது. எனவே எல்லாவற்றையும் படகிலேயே பேசிவிடுங்கள்.

* இதுவரை எத்தனை டைவ்? கடைசியாக எப்போது?
* கேமரா கொண்டுவருகிறாரா? போட்டோ எடுக்கும் மும்முரத்தில் ஜோடியை மறப்பவர்கள் உண்டு.
* யார் முன்னால், யார் பக்கத்தில்?
* காற்று எவ்வளவு இருக்கும்போது திரும்புவது? 200 பாரில் தொடங்கினால், 50 பார் மிச்சத்தோடு மேலே இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். யாருக்குக் காற்று குறைவோ, அவர் கணக்குதான் இருவருக்கும்.

சைகைகளையும் ஒருமுறை செய்து பாருங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் நமக்கு ‘சூப்பர்’, கடலுக்குள் ‘மேலே போகலாம்’! நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.

பிறகு ஒருவர் கருவியை இன்னொருவர் சரிபாருங்கள். மிதவை ஜாக்கெட், எடை பெல்ட், கொக்கிகள், காற்று என வரிசையாகப் பார்க்க வேண்டும். அவருடைய உபரி ரெகுலேட்டர் எங்கே தொங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூச்சம் வேண்டாம்!

தோழி என்றால், ‘ஏய், காது வலிக்குதுடி, நில்லு’ என்று தயங்காமல் சைகை காட்டுவோம். தெரியாதவர் என்றால், ‘நம்மால் அவர் டைவ் கெட்டுவிடுமே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்குவோம். புது ஜோடியோடு போவதில் உள்ள பெரிய ஆபத்து இந்தக் கூச்சம்தான். காதில் வலியோடு தொடர்ந்து இறங்கினால் செவிப்பறை கிழியலாம்.

எந்த டைவையும், எந்த நிமிடத்திலும், காரணம் சொல்லாமலே யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். இது டைவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி. ‘வேண்டாம்னா நிறுத்திக்கலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்’ என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எதிரில் இருப்பவரும் நிம்மதியாவார்.

ஜோடி கண்ணில் படவில்லையா?

சுற்றிலும் மேலும் கீழும் ஒரு நிமிடம் தேடுங்கள். அதற்கு மேல் தேட வேண்டாம். நிதானமாக, மூச்சை அடக்காமல் மேலே வாருங்கள். இருவரும் இதையே செய்தால் மேலே சந்தித்துவிடலாம். இதையும் படகிலேயே பேசி வையுங்கள்.

கடைசி நாள் கரையில்

பல டைவ்கள் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் வெளியேறுவதற்கான நேரம் அது. எனவே ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளைக் கடற்கரையில் நடக்க வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் ஸ்கூபா டைவிங் சேருமா என்பதையும் கிளம்பும் முன் படித்துப் பாருங்கள்.

டைவ் சென்டரின் பெயர், போன் நம்பர், கடலுக்குப் போகும் நேரம், திரும்பும் நேரம் ஆகியவற்றை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கரைக்கு வந்ததும் ஒரு போன். ‘யார்கூட’ என்று கேட்ட அம்மா அதுவரை போனைக் கீழே வைத்திருக்க மாட்டார்!