உறுதியில் இல்லாத தேட்டம்

மணவாழ்வு முறிந்து நீதிமன்றப் படியேறிய பெண்ணொருத்தியிடம், "உன் கணவனுக்கு என்ன சொத்து உண்டு?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? வீட்டையும் தோட்டத்தையும் சொல்வாள். வங்கியிலே எவ்வளவு, கடையிலே முதல் எவ்வளவு, தமையன் பெயரில் எழுதிய காணி யாருடைய பணத்தால் வாங்கப்பட்டது என்பனவற்றை அவள் அறியாள். அறிந்தவனோ வாய் திறவான்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டிலே தொகுக்கப்பெற்ற தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைக் கட்டளைச் சட்டமும் 1947 ஆம் ஆண்டின் திருத்தமும் தேடியதேட்டத்துக்கு வகுத்த இலக்கணத்தை வாசகர்கள் ஊன்றி நோக்கவேண்டும். மணவாழ்வுக் காலத்திலே விலைகொடுத்து வாங்கிய சொத்து தேட்டமாகும். ஆனால் அவ்விலை, வாங்கியவரின் தனிச்சொத்திலிருந்து வந்ததாயிருத்தல் ஆகாது. தனிச்சொத்திலிருந்து அக்காலத்தில் விளைந்த இலாபமும் தேட்டமே. ஆகவே, பணம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி நமது சட்டத்தின் வயிற்றிலேயே இருக்கின்றது! உறுதி முடித்த நொத்தாரிசு அதற்கு விடை எழுதுவதில்லை. கணக்கறிந்தவரே விடை காணவேண்டும்.

அவர் எவ்வாறு காண்பார்? ஒருவன் சொல்லும் வருமானத்தை ஒரு பக்கத்திலும், அவன் செய்த செலவையும் சேர்த்த சொத்தையும் மறுபக்கத்திலும் வைப்பார். செலவு மிஞ்சினால், சொல்லாத வருமானமோ கடனோ உண்டு. கடன் என்றால், வட்டி கட்டிய சுவடு எங்கே? மைத்துனனுக்குக் கைமாற்றாகக் கொடுத்தேன் என்று எழுதிய பணம், வழக்கு முடிந்ததும் திரும்பி வருவதற்காகப் போன பணமா? கடைக் கணக்கிலே சம்பளம் பெறும் ஊழியன் உண்மையில் உண்டா? விவசாயியின் கையிருப்பும் மறையாது. புகையிலை சரியாக விளையவில்லை என்று சத்தியம் செய்பவன் இருபது அந்தர் உரத்துக்குச் சிட்டை வைத்திருந்தால், அவ்வுரத்தைத் தின்றது எந்தப் பயிர் என்று கேட்கலாமன்றோ?

இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2013 இல் தீர்த்த பிறெஸ்ற் வழக்கு நினைக்கத்தக்கது. எண்ணெய் வணிகர் ஒருவர், மனைவிக்கு 1 கோடியே 75 இலட்சம் பவுண் கொடுக்கும்படி பணிக்கப்பட்டார். வீடுகளோ அவருடைய கம்பனிகளின் பெயரில் இருந்தன. கம்பனி வேறு, உரிமையாளர் வேறு என்னும் கோட்பாட்டை நீதியரசர்கள் உடைக்கவில்லை. ஆயினும், வீடுகளை வாங்கிய பணம் கணவருடையதே என்று முடிவுசெய்து, ஏழு வீடுகளை மனைவிக்கு மாற்றக் கட்டளையிட்டனர். கேட்ட பத்திரங்களைக் காட்டாது மறைத்தமையே அவருக்கு எதிரான அனுமானமாயிற்று. 2015 இல் அதே நீதிமன்றம், கணவர் சொத்தை மறைத்துப் பெற்ற உடன்பாடுகளை மீளத் திறக்கலாமென்று வேறு இரு வழக்குகளிலே தீர்த்தது.

குடும்பக் கணக்கைச் சந்திக்கு இழுப்பது நமது பண்புக்கு ஒவ்வாது என்பாருளர். சீதனம் பேசும்போது பரப்புக் கணக்கும் பவுண் கணக்கும் கூசாமல் பேசுகின்றவர்கள் பிரியும்போது மட்டும் கூசுவதேன்? மறைப்பது ஆண்கள் மட்டுமே என்றும் நான் சொல்லவில்லை. நகையைத் தாய் வீட்டிலே ஒளித்துவிட்டுத் தாபரிப்புக் கேட்கும் மனைவியரும் உண்டு. அவர்களும் அதே தராசில் ஏறட்டும்.

உண்மையான இடர் செலவிலே இருக்கின்றது. பணத்தை வைத்திருப்பவன் கணக்காளரை அமர்த்துவான். பணமில்லாதவள் யாரை அமர்த்துவாள்? கணக்குகளை ஆராய ஆணையாளரை அனுப்பும் அதிகாரம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிலே இருக்கின்றது. வழக்கு நடக்கும் காலத்துக்குரிய தாபரிப்பைக் கோரும்போதே அதனையும் கோரி, அதன் செலவைச் சொத்தைக் கையில் வைத்திருப்பவர்மீது சுமத்துமாறு சட்டத்தரணிகள் கேட்கவேண்டும். ஈராண்டு கழித்துக் கேட்டால் கடை கைமாறியிருக்கும். சிட்டைகளைக் கறையான் தின்றிருக்கும்.