9 பட்டம் வென்ற வில்லியம்ஸ், 0 புள்ளிக்கு வந்தது எப்படி?

2024 மார்ச், மெல்போர்ன். ஆஸ்திரேலிய கிராண்ட் பிரிக்ஸின் முதல் பயிற்சியிலேயே வில்லியம்ஸ் டிரைவர் அலெக்ஸ் ஆல்பன் காரைச் சுவரில் மோதிவிட்டார். சேஸி, அதாவது காரின் உடற்கூடு, அங்கேயே சரிசெய்ய முடியாத அளவுக்குச் சேதம். மாற்று சேஸி இருக்கா என்றால், இல்லை. ஃபார்முலா 1 அணிகள் மூன்றாவது சேஸி ஒன்றைக் கையோடு கொண்டுவருவதுதான் வழக்கம். வில்லியம்ஸ் தொழிற்சாலையில் அது இன்னும் தயாராகவே இல்லை. கடைசியில், எந்தத் தப்பும் செய்யாத இன்னொரு டிரைவர் லோகன் சார்ஜென்ட்டை உட்காரவைத்துவிட்டு, அவருடைய காரை ஆல்பனிடம் கொடுத்தார்கள். ஆல்பன் 11-வதாக வந்தார். புள்ளி கிடைப்பது முதல் 10 இடங்களுக்கு மட்டும்தான்.

புதுசா வந்த சின்ன அணி என்றால் விட்டுவிடலாம். ஆனால் 1997 சீசன் முடிந்தபோது, அணிகளுக்கான கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டத்தை உலகிலேயே அதிக முறை வென்றிருந்தது இந்த வில்லியம்ஸ்தான். 9 முறை. அப்போது ஃபெராரியிடம் இருந்தது 8. இன்றைக்கு ஃபார்முலா 1 பார்க்க ஆரம்பித்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

யாரையும் நம்பாத அணி

1977-ல் ஃபிராங்க் வில்லியம்ஸும் இன்ஜினியர் பேட்ரிக் ஹெட்டும் இங்கிலாந்தின் டிட்காட்டில், ஒரு பழைய கார்ப்பெட் கிடங்கில் ஆரம்பித்த அணி இது. 1979-ல் முதல் வெற்றி, 1980-ல் முதல் பட்டம். 1986-ல் ஒரு சாலை விபத்தில் ஃபிராங்குக்குக் கைகால்கள் செயலிழந்தன. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அணியை நடத்தினார். 1992 முதல் 1997 வரையிலான 6 சீசன்களில் 5 பட்டம். நடுவில், 1994 மே 1 அன்று இமோலாவில் அயர்டன் சென்னா உயிரிழந்ததும் வில்லியம்ஸ் காரில்தான். அந்த ஆண்டும் கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் அவர்களுக்கே.

இந்த அணிக்கு ஒரு குணம் உண்டு. டிரைவர் யாராக இருந்தாலும் சம்பளத்துக்கு வேலை செய்பவர், அவ்வளவுதான். 1987-ல் சாம்பியனான நெல்சன் பிக்கே, 1992-ல் நைஜல் மான்செல், 1993-ல் அலன் ப்ரோஸ்ட், 1996-ல் டேமன் ஹில்... பட்டம் வென்ற அடுத்த வருஷம் இவர்களில் ஒருவர்கூட அந்த அணியில் இல்லை. சிலர் தாங்களாகப் போனார்கள், ஹில்லை அணியே கழற்றிவிட்டது. கார் அவ்வளவு நல்லா இருந்ததால் யார் போனாலும் பெரிய சேதாரம் இல்லை.

அந்தக் காரை வடிவமைத்தவர் ஏட்ரியன் நியூவி. முக்கிய முடிவுகளில் தன் குரலுக்கும் இடம் வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். ஹில்லை விடுவிக்கும் முடிவோ அவரைக் கேட்காமலேயே எடுக்கப்பட்டது. அவர் மெக்லாரனுக்குப் போனார். 1998-ல் மெக்லாரன் சாம்பியன். அதே நேரத்தில் இன்ஜின் தந்த ரெனோவும் 1997 முடிவில் விலகியது. 1998-லும் 1999-லும் வில்லியம்ஸுக்கு ஒரு வெற்றிகூட இல்லை.

இதற்கு முன்பும் இப்படி விழுந்து எழுந்தவர்கள்தான். 1987-ல் பட்டம் வென்ற கையோடு ஹோண்டா இன்ஜின் கைவிட்டுப் போக, 1988-ல் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. ரெனோ வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. ஆக, இந்த முறையும் ஒரு நல்ல இன்ஜின் வந்தால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

இன்ஜினும் வந்தது. 2000-ல் பிஎம்டபிள்யூ கைகோத்தது. ஆனால் 2000-களில் இந்த விளையாட்டு, கார் கம்பெனிகள் சொந்தமாக அணி வைத்து மோதும் இடமாக மாறிக்கொண்டிருந்தது. பிஎம்டபிள்யூவும் அணியை வாங்கப் பார்த்தது. ஃபிராங்க் கொடுக்கவில்லை. 2005-ல் அந்தக் கம்பெனி சாபர் அணியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. என் பார்வையில், வீழ்ச்சி உறுதியானது இந்த இடத்தில்தான். அதன்பிறகு காஸ்வொர்த், டொயோட்டா, மறுபடியும் காஸ்வொர்த், மறுபடியும் ரெனோ என்று காசு கொடுத்து இன்ஜின் வாங்கும் கஸ்டமராகவே வில்லியம்ஸ் இருந்தது. (கோவையைச் சேர்ந்த நம்ம நரேன் கார்த்திகேயன் அங்கே டெஸ்ட் டிரைவராக இருந்தது இந்தக் காலத்தில்தான், 2006-லும் 2007-லும்.) 2012 ஸ்பெயின் ரேஸில் பாஸ்டர் மால்டொனாடோ ஜெயித்தார். இன்றுவரை அணியின் கடைசி வெற்றி அதுதான்.

ஏமாற்றிய இரண்டு வருஷம்

2013-ல் வில்லியம்ஸ் எடுத்தது மொத்தம் 5 புள்ளி. 2014-ல் 320 புள்ளி, மூன்றாம் இடம். ஒரே வருஷத்தில் என்ன மாயம் நடந்தது? அந்த ஆண்டுதான் ஹைப்ரிட் டர்போ இன்ஜின் விதி வந்தது. அதில் மற்ற எல்லாரையும் விட மெர்சிடஸ் எங்கேயோ முன்னால் இருந்தது. வில்லியம்ஸ் சரியான நேரத்தில் ரெனோவை விட்டு மெர்சிடஸ் இன்ஜினுக்கு மாறியிருந்தது. 2015-லும் மூன்றாம் இடம். ‘பழைய வில்லியம்ஸ் திரும்பிருச்சு’ என்று ரசிகர்கள் குதித்தார்கள்.

ஆனால் அதே மெர்சிடஸ் இன்ஜினோடு, விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா 2016, 2017 இரண்டிலும் நாலாம் இடம். பணத்துக்குத் திண்டாடிய அணி அது. வில்லியம்ஸ் ஐந்தாம் இடம். இன்ஜின் ஒன்று என்றால், வித்தியாசம் எங்கே இருக்கும்? காரில்தான், காரைத் தயாரிக்கும் முறையில்தான். நல்ல இன்ஜின் அந்த ஓட்டைகளை இரண்டு வருஷம் மூடி வைத்திருந்தது. மற்ற அணிகளின் இன்ஜினும் தேறியதும் மூடி கழன்றது.

2018: 7 புள்ளி, கடைசி இடம். 2019: 1 புள்ளி, கடைசி இடம். அந்த வருஷம் சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டத்துக்கே கார் தயாராகாமல் இரண்டரை நாள் வீணானது. 2020: பூஜ்யம். ஃபார்முலா 1-ல் பரிசுப் பணம் இடத்தைப் பொறுத்தது. தோற்றால் பணம் குறையும், பணம் குறைந்தால் மறுபடியும் தோல்வி. ஸ்பான்சர் மார்ட்டினி 2018 முடிவில் போனது. பெரும் செல்வந்தரின் மகனான டிரைவர் லான்ஸ் ஸ்ட்ரோலும் அதே நேரத்தில் கிளம்பினார். 2020 ஆகஸ்ட்டில் டோரில்டன் கேபிடல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் அணியை வாங்கியது. அடுத்த மாதம் வில்லியம்ஸ் குடும்பம் வெளியேறியது. ஃபிராங்க் 2021 நவம்பரில் காலமானார்.

20,000 பாகங்கள், ஒரு எக்செல் ஷீட்

2023-ல் மெர்சிடஸிலிருந்து தலைவராக வந்த ஜேம்ஸ் வவுல்ஸ் பார்த்த காட்சி, ஆபீஸில் வேலை செய்யும் யாருக்கும் நல்லாவே புரியும். சுமார் 20,000 பாகங்கள் கொண்ட காரின் தயாரிப்பு முழுக்க ஒரு எக்செல் ஷீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பாகத்துக்கு என்ன செலவு, செய்ய எத்தனை நாள், இப்போது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலை. அதைத் தூக்கிவிட்டு புது சிஸ்டத்துக்கு மாறும்போது ஏற்பட்ட தாமதம்தான் 2024-ல் மாற்று சேஸி இல்லாமல் போனதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சரி, புது முதலாளியிடம் பணம் இருக்கிறதே, அள்ளிக் கொட்டலாமே? அங்கேயும் ஒரு சிக்கல். 2021-ல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு வந்தது. சின்ன அணிகளைக் காப்பாற்றத்தான் அந்த விதி. ஆனால் இயந்திரங்கள், கட்டடங்கள் போன்ற முதலீட்டுக்கும் தனி வரம்பு உண்டு. பெரிய அணிகள் வரம்பு வரும் முன்பே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டன. பழைய கருவிகளோடு நின்ற வில்லியம்ஸுக்குக் கதவு சாத்தப்பட்டது. தளர்வு கேட்டு வவுல்ஸ் குரல் எழுப்பினார். பின்தங்கிய அணிகளுக்குக் கூடுதல் முதலீட்டு அனுமதியும் கிடைத்தது.

பலன் மெதுவாகத் தெரிகிறது. 2018 முதல் 2024 வரை 7 சீசன்களில் சேர்த்த மொத்தப் புள்ளி 84. 2025-ல் மட்டும் 137, ஐந்தாம் இடம். பாகுவிலும் கத்தாரிலும் கார்லோஸ் சைன்ஸ் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார்.

இன்ஜின் இப்போதும் மெர்சிடஸ்தான், இப்போதும் காசு கொடுத்து வாங்குவதுதான். கஸ்டமர் இன்ஜினை வைத்து ஜெயிக்க முடியாது என்ற பழைய சாக்கு மட்டும் இனி செல்லாது. அதே மெர்சிடஸ் இன்ஜினை வாங்கி ஓட்டும் மெக்லாரன் 2024-லும் 2025-லும் கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டத்தைத் தூக்கிவிட்டது.