இரவல் கால்களும் வெற்று இருக்கைகளும்

வென்ற அணி தலைநிமிர்வதும் தோற்ற அணி தலைகுனிவதும் விளையாட்டின் இயல்பு. வென்ற பின்னர்த் தலைகுனிய நேர்ந்தது மலேசியக் காற்பந்து அணிக்கு. 2025ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் நடைபெற்ற ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்று ஆட்டத்தில், அவ்வணி நான்கு கோல்கள் புகுத்தி வியட்நாமை வீழ்த்தியது. வியட்நாம் ஒரு கோலும் பெறவில்லை. அரங்கம் அதிர்ந்தது. அந்த ஆரவாரத்தின் ஆயுளோ நான்கு திங்கள்கூட இல்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபா, மலேசியக் காற்பந்துச் சங்கத்திற்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தது. அயல்நாட்டிற் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்கு 12 திங்கள் தடையும் விதித்தது. அவர்களுடைய பாட்டன் பாட்டியர் மலேசிய மண்ணிற் பிறந்தவர்கள் எனக் காட்டிய சான்றுகள் திருத்தப்பட்டவை என்பதே குற்றச்சாட்டு. மூலப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தபோது, அம்முதியவர்கள் பிறந்த இடங்கள் அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் இருந்தன. ஜொகூரிற் பிறந்தவர் எனக் காட்டப்பட்ட ஒரு பாட்டியார் பிரேசிலிற் பிறந்தவர். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் சங்கத்தின் முறையீட்டைத் தள்ளியது.

தாளைத் திருத்திய கை எது என்பது விசாரணைக்குரிய செய்தி. அத்தகைய தாள் ஏன் தேவைப்பட்டது என்பதே சமுதாயம் எழுப்ப வேண்டிய வினா. மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில், பந்தை உதைக்கத் தெரிந்த பதினொருவர் பிறக்கவில்லையா? பிறந்தார்கள். அவர்களை வளர்ப்பதற்குப் பொறுமை இல்லாமற் போயிற்று. விதைத்து அறுக்க மனமில்லாதவன் சந்தையில் நெல் வாங்கித் தன் களத்தில் கொட்டி, 'என் விளைச்சல்' என்று காட்டினால் ஊர் எத்தனை நாள் நம்பும்?

ஊர் நம்பவில்லை என்பதற்கு வெற்று இருக்கைகளே சான்று. 1994, 1995ஆம் ஆண்டுகளில் சூதாட்டக் கும்பல்களிடம் கையூட்டுப் பெற்று ஆட்டங்களை விற்ற ஊழல் வெளியானது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். அன்று உடைந்த நம்பிக்கை இன்னும் முழுமையாக ஒட்டவில்லை. 2018ஆம் ஆண்டில் டெலிகோம் மலேசியா நிறுவனம் லீக் ஆட்டங்களுக்காக எட்டு ஆண்டுகளுக்கு 480 மில்லியன் ரிங்கிட் அளிப்பதாக ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டே விலகிக்கொண்டது. பார்ப்பவர் பெருகும் ஆட்டத்தை எந்த வணிகராவது கைவிடுவாரா?

'இங்கிலாந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியிற் கண்டு மயங்கிய ரசிகன் உள்ளூர் ஆட்டத்தைப் புறக்கணிக்கிறான்' என்று பழியை ரசிகன் தலையில் ஏற்றுவோர் உளர். இது பொருந்தா வாதம். ஊதியம் பெறாத ஆட்டக்காரர்களின் குரல் ஆண்டுதோறும் எழுகிறது. 2025ஆம் ஆண்டில் பேராக், ஸ்ரீ பகாங் ஆகிய புகழ்பெற்ற குழுக்களே லீக்கிலிருந்து விலகின. நாளை இருக்குமோ இராதோ என்னும் குழுவுக்கு எந்த ரசிகன் நெஞ்சைக் கொடுப்பான்?

இனி, ஜொகூரைப் பார்ப்போம். ஜொகூர் டாருல் தாக்சிம் குழுவின் அருஞ்செயல்களை மறுப்பது நன்றியன்று. 2015ஆம் ஆண்டில் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் குழு அது. 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராகிம் அரங்கம் நாட்டிற்கே அணிகலன். இளையோர் அணிகளும் அங்கு உண்டு. ஆயினும், 2013இல் ஸ்பெயினின் குயிசா, 2014இல் அர்ஜென்டினாவின் அய்மார் எனத் தொடங்கிய பெரும்பொருள் ஆள்சேர்ப்பு, ஏனைய மாநிலங்களையும் தம் சக்திக்கு மீறிய போட்டியில் இறக்கியது. 2014 முதல் 2024-25 பருவம் வரை லீக் பட்டம் ஜொகூரை விட்டு ஒருமுறைகூட அகலவில்லை. தொடர்ந்து பதினொரு முறை! முடிவு முன்னரே தெரிந்த ஆட்டத்திற்கு நுழைவுச்சீட்டு வாங்குபவர் யார்? குற்றம் வென்ற குழுவின் மீது மட்டுமன்று; பின்தொடர வழியறியாமல், கடன்பட்டு ஆள் வாங்கிய குழுக்களின் மீதும், அதைக் கண்டும் காணாதிருந்த நிர்வாகத்தின் மீதும் உண்டு.

'உலகெங்கும் அயலவர் ஆடுகின்றனரே, இங்கு மட்டும் ஏன் கூடாது?' என்பர். கூடும், அயலவர் வரலாம், கற்பிக்கலாம். மாவு புளிக்கச் சிறிது புளித்த மாவு போதும். அளவுக்கு மீறிப் புளித்த பழைய மாவையே இட்லியாக்கினால் வாயில் வைக்க முடியுமா? 2010ஆம் ஆண்டில் மலேசியா தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. பயிற்றுநர் கே. ராஜகோபால் இந்நாட்டு மண்ணின் மைந்தர். அவர் களமிறக்கியவர்களுட் பலர், முந்திய ஆண்டில் அவரிடமே பயின்று தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வென்ற இளைஞர்கள். எவருடைய பாட்டியையும் தேட வேண்டியிருக்கவில்லை. அன்று புக்கிட் ஜாலிலில் இடம் கிடைக்காமல் மக்கள் திரும்பினர்.

அந்த வரலாற்றில் தமிழர் பங்கு சிறிதன்று. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை மூன்று கோல்களில் வென்ற அணியில் எம். சந்திரன் இருந்தார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம், அரசு புறக்கணித்தமையால் அவ்வணி மாஸ்கோ செல்லவில்லை. அத்தலைமுறையின் தமிழ் இளைஞர்க்குத் தோட்டத்துத் திடலே கல்லூரி. பால்மரம் வெட்டி முடித்து மாலையில் வெறுங்காலுடன் திடலுக்கு வந்தவர்கள், அடுத்த தோட்டத்து அணியோடு மோதியே ஆட்டம் கற்றனர். ஜொகூரிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் நகர்ப்புற அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தன. திடல் உடன் வரவில்லை.

ஆகவே, 'தமிழ்ப் பிள்ளைக்கு அணியில் இடமில்லை' என்று புலம்புவதோடு கடமை முடிந்துவிடாது. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கடனாகக் கொடுத்த ஆசிரியர் யார்? திடலில் வண்டி நிறுத்த இசைந்த பெற்றோர் சங்கம் எது? மாலையில் பந்தோடு ஓடிய மகனைக் கூடுதல் வகுப்புக்கு இழுத்துச் சென்ற தந்தை யார்? பாட்டியைப் பிரேசிலிலிருந்து இறக்குமதி செய்தவர்களை நோக்கி விரல் நீட்டுமுன், சொந்தப் பேரனை வீட்டுக்குள் பூட்டியவர்களும் தம் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம். ஆட்டக்காரரின் ஊதியம் தவறாத குழுவுக்கே உரிமம். உள்நாட்டு இளைஞர்க்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் இடம். பள்ளிதோறும் ஒரு திடல், ஒரு பந்து, அறிந்த ஒரு பயிற்றுநர்: இம்மூன்றையும் சங்கமும் அரசும் சமுதாயமும் செய்தாக வேண்டும். குளுவாங்கிலும் சிகாமட்டிலும் பிறந்த பிள்ளை மாநிலச் சட்டை அணிந்து இறங்கும் நாளில், அவன் தெருவே அரங்கிற்குத் திரண்டு வரும். அவன் பாட்டியும் வருவார். அவர் பிறந்த ஊரைத் தேட எவரும் கடல் கடக்க வேண்டியதில்லை.