மாரியும் விமானமும்: வன்னிப் பிரயாணியின் வழக்கு

இயற்கையின் சீற்றத்துக்கு எவரும் பொறுப்பாளர் அல்லர் என்பது விமானப் பயணச் சீட்டின் நிபந்தனைகளுள் ஒன்று. அந்த நிபந்தனையை நாமும் நமது சிந்தனையில் ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பதே கவலைக்குரியது. மழை பெய்தது, வீதி மூடப்பட்டது, விமானம் போய்விட்டது, என்ன செய்வது என்று கேட்டுவிட்டுக் கையை விரிக்கிறோம். இக்கேள்வியைக் கேள்வியாக அன்றி முடிவாகவே நாம் வழங்கி வருகிறோம். இம்முடிவு தவறானது என்பதும், இத்தவற்றினால் நட்டப்படுவோர் எப்போதும் ஒரே பகுதியினராகவே இருக்கின்றனர் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலில் வன்னியின் மாரியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரை வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கங்களே எமது குளங்களை நிரப்புகின்றன. இம்மழை இல்லையேல் காலபோகம் இல்லை, இரணைமடு இல்லை, கிளிநொச்சி என்ற குடியேற்றமே இல்லை. ஆனால் அதே மழை 2018 ஆம் ஆண்டு டிசெம்பர் 21, 22 ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஒரே இரவில் கொட்டியபோது, ஆயிரக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு வெளியேறிப் பாடசாலைகளில் தங்கினர். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2024 நவெம்பர் இறுதியில் பெங்கல், 2025 நவெம்பர் இறுதியில் டித்வா. இவை யாவும் நவெம்பர் பின்பகுதிக்கும் டிசெம்பர் இறுதிக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குள் அடங்குவதை வாசகர் கவனிக்க வேண்டும். எதிர்பாராத அனர்த்தம் என்று இதனை அழைப்பது எவ்வளவு பொருந்தும்? நாள் மட்டுமே தெரியாத, காலம் நன்கு தெரிந்த ஒரு நிகழ்ச்சிக்கு எதிர்பாராதது என்று பெயரிடுவது, ஆயத்தமின்மைக்கு நாம் சூட்டும் கௌரவப் பட்டமேயாகும்.

இதே சில வாரங்களே வன்னியில் விமானப் பிரயாணம் மிகுந்த காலமுமாகும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் பாடசாலை விடுமுறை தொடங்க, புலம்பெயர்ந்த குடும்பங்கள் நத்தாரையும் பொங்கலையும் நோக்கி ஊர் திரும்புகின்றன. மத்திய கிழக்குக்கு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கோ பருவம் என்று ஒன்றில்லை. விசா வந்த நாளே புறப்படும் நாள். ஆகவே எமது பிரயாணி இரண்டு மாரிகளுக்கு நடுவே அகப்படுகிறார். அங்கே பனி, இங்கே வெள்ளம். அங்கே பனியினால் விமானம் தாமதிக்கிறது. இங்கே வெள்ளத்தினால் மனிதர் தாமதிக்கின்றனர்.

இவ்வேறுபாடே எமது வழக்கின் மையம். கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஏ9 வீதியால் வவுனியாவை அடைந்து, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் வழியாகச் செல்லவேண்டும். முல்லைத்தீவிலிருந்து வருபவர் அதற்கு முன்னரே மாங்குளம் வீதியையோ பரந்தன் வீதியையோ கடக்கவேண்டும். பரந்தன் பக்கமாயின், மாரியில் வெள்ளம் மேவிப்பாயும் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டவேண்டும். 2025 நவெம்பரில் டித்வாப் புயலின்போது அநுராதபுரம்–புத்தளம் வீதியில் கலாஓயாப் பாலத்தருகே பிரயாணிகளுடன் ஒரு பஸ்வண்டி வெள்ளத்தில் சிக்கி, அதிலிருந்தோர் நெடுநேரப் போராட்டத்தின் பின் மீட்கப்பட்டதை நாடே பார்த்தது. அதுவே வன்னிப் பிரயாணியின் விமானநிலைய வீதி. அப்படியான ஓர் இரவில் கட்டுநாயக்காவிலிருந்து விமானம் நேரத்துக்குப் புறப்படலாம். புறப்பட்டால், விமான நிறுவனத்தின் கணக்கில் அன்று தாமதமே நிகழவில்லை. பிரயாணி வரவில்லை என்று மட்டுமே பதிவாகும்.

வராதவர் என்ற அந்தச் சொல்லின் விளைவுகளை நோக்குவோம். பல மலிவுச் சீட்டுகளில், முதற் கட்டப் பயணத்துக்கு வராதவரின் எஞ்சிய கட்டங்கள் யாவும் இரத்தாகின்றன. மீளும் பயணமும் அதில் அடங்கும். புயலினால் விமான நிலையம் பாதிக்கப்படும்போது திகதி மாற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது விமான நிறுவனங்களின் வழக்கம். ஆயின் அத்தள்ளுபடி விமான நிலையத்தின் வானிலையையே பார்க்கிறது. பிரயாணியின் ஊர் வானிலையைப் பார்ப்பதில்லை. கட்டுநாயக்காவில் வெயில் எறித்தால் முல்லைத்தீவில் மழை இல்லை என்பதே அதன் தர்க்கம். விமான நிலையத்துக்கு அண்மையில் வாழ்பவனுக்கு இத்தர்க்கம் ஒரு குறையையும் செய்யாது. தொலைவில், அதுவும் குளங்களுக்கும் களப்புகளுக்கும் இடையே வாழ்பவனே அதன் முழுப் பாரத்தையும் சுமக்கிறான்.

நானறிந்த தாயொருவர், மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக வெளிநாடு செல்ல இருந்தார். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த விசா. காணி உறுதியை ஈடுவைத்துப் பெற்ற பணத்தில் வாங்கிய சீட்டு. புறப்படவேண்டிய நாளில் ஊரை விட்டு வெளியேற வழியில்லை. மறுநாள் தொலைபேசியில் அவருக்குக் கிடைத்த மறுமொழி, நீங்கள் வரவில்லை, சீட்டு முடிந்தது என்பதே. அதுவும் ஆங்கிலத்தில், அயல்வீட்டுப் பையன் மொழிபெயர்த்துச் சொல்ல. குழந்தை பிறந்து இரு மாதங்கள் கழிந்தபின் வேறொரு கடனில் அவர் சென்றார். மழையினால் இழந்தது ஒரு நாள்; நிபந்தனையினால் இழந்தது இரண்டு மாதம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கணக்கிட்டு, எல்லாம் மழையின் வேலை என்பது நேர்மையாகாது.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஒரு நாள் முன்னதாகவே கொழும்புக்குச் செல்லவேண்டியதுதானே என்பது. இதனைக் கூறுவோர் பெரும்பாலும் கொழும்பில் தங்குவதற்கு ஒரு வீடுள்ளவர்கள். ஒரு நாள் முன்னதாகச் செல்வதென்பது ஒரு நாட்கூலியையும் விடுதி வாடகையையும் உணவுச் செலவையும் குறிக்கும். மேலும், முன்னதாகப் போய்க் காத்திரு என்ற அறிவுரை வன்னி மக்களுக்குப் புதியதன்று. போர்க்காலத்தில் வவுனியாவில் பாஸ் அனுமதிக்காகவும், கொழும்பு லொட்ஜ்களில் விசாவுக்காகவும் மாதக்கணக்கில் காத்திருந்த மக்கள் இவர்கள். ஏ9 வீதி 2002 ஏப்பிரிலில் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. யாழ்ப்பாணப் புகையிரதப் பாதை 1990 முதல் வவுனியாவோடு நின்று, 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. ஒரு தலைமுறை முழுவதும் காத்திருந்த மக்களிடம் இன்னும் காத்திருக்கச் சொல்வதற்கு முன், காத்திருப்பின் செலவை யார் ஏற்பது என்று கேட்கவேண்டும்.

இரண்டாவது, பலாலி இருக்கிறதே என்பது. இது கவனத்துக்குரிய வாதம். 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் தனது முதற் பறப்பை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நடத்தியது என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. சுதந்திரத்துக்கு முன்னரே வடக்கில் இறங்கிச் சென்ற சர்வதேச விமானம், நீண்ட இடைவெளியின் பின், 2019 ஒக்ரோபர் 17 இல் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டபின்னரே திரும்பியது. பெருந்தொற்றினால் 2020 இல் நின்று, 2022 டிசெம்பரில் மீளத் தொடங்கியது. கிளிநொச்சியிலிருந்து அதன் தூரம் 80 கிலோமீற்றருக்கு உட்பட்டது. எனினும் அங்கு இறங்குவன ஏ.டி.ஆர். 72 போன்ற சிறு விமானங்களே. அவை செல்வதும் தென்னிந்தியாவுக்கே. அதிலும் ஓர் இடர் உண்டு. வன்னியை நனைக்கும் புயல் பெரும்பாலும் அடுத்து நாடுவது தமிழகக் கரையையே. 2024 இல் எமது வயல்களை மூழ்கடித்த பெங்கல், நவெம்பர் 30 இல் சென்னை விமான நிலையத்தையும் மூடவைத்தது. 2023 டிசெம்பரில் மிக்ஜாம் புயலுக்கும், 2015 டிசெம்பர்ப் பெருவெள்ளத்துக்கும் அந்நிலையம் மூடப்பட்டது. ஆகவே பலாலி வளரவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் மாரிக்கு அதுமட்டும் மருந்தாகாது.

மூன்றாவது எதிர்வாதமே வலிமை வாய்ந்தது. வீதி மூடப்பட்டதற்கு விமான நிறுவனம் எவ்வாறு பொறுப்பாகும் என்பது. பொறுப்பாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பொறுப்பு என்ற சொல்லுக்குள் இரு வேறு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று, தவறிழைத்ததற்கான நட்டஈடு. மற்றது, ஆபத்தில் அகப்பட்டவருக்குச் செய்யவேண்டிய கடமை. உலகச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே நோக்குகிறது. 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை, தாமதத்தால் விளையும் சேதத்துக்கு விமான நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. நியாயமாக எதிர்பார்க்கத்தக்க நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்தோம் என்று நிறுவனமே நிரூபித்தாலன்றி அப்பொறுப்பு நீங்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டின் 261 ஆம் இலக்க ஒழுங்குவிதி, மோசமான வானிலைக்கு நட்டஈட்டை விலக்கினாலும் உணவையும் தங்குமிடத்தையும் மாற்றுப் பயணத்தையும் விலக்கவில்லை. 2010 ஏப்பிரிலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலினால் ஐரோப்பிய வான்பரப்பு மூடப்பட்டபோது தவித்த ஒரு பிரயாணியின் வழக்கில், இக்கடமைக்கு அனர்த்தத்தின் பருமன் ஓர் எல்லையாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது. கனடாவின் 2019 ஆம் ஆண்டு விதிகளும், தமது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட இடையூறுகளின்போதும் பிரயாணியை வேறு விமானத்தில் அனுப்புமாறு நிறுவனங்களைப் பணிக்கின்றன.

இச்சட்டங்கள் எவையும் வானத்திலிருந்து விழவில்லை. 2010 டிசெம்பர் 18 இல் ஹீத்ரோ விமான நிலையம் பனியினால் முடங்கி, நத்தாருக்கு வீடு செல்லவிருந்தோர் நிலத்தில் படுத்துறங்கினர். அப்போதும் பனி இயற்கைதான். ஆயினும் அந்நாட்டு மக்கள் இயற்கையைக் குறை கூறி அடங்கவில்லை. விசாரணைக் குழு அமைந்தது. ஆயத்தக் குறைபாடு வெளிவந்தது. பனி அகற்றும் சாதனங்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. ரொறன்ரோவில் ஆண்டுதோறும் அதனிலும் மிகுந்த பனி பெய்தும், சிறகுகளில் உறைபனி அகற்றும் தனி நிலையம் அமைத்து விமானங்களை அனுப்புகிறார்கள். பனியும் மழையும் இயற்கை. அவற்றினால் யார் எவ்வளவு துன்புறுவது என்பதைத் தீர்மானிப்பது சமுதாயம்.

எனவே நாம் கோருவது நட்டஈடன்று. மூன்று எளிய காரியங்களையே கோருகிறோம்.

ஒன்று, ஊர் வானிலைக்குச் சட்ட மதிப்பு. அனர்த்த முகாமைத்துவ நிலையம் மாவட்ட வாரியாக நிலைமை அறிக்கைகளை வெளியிடுகிறது. எந்த வீதி எப்போது மூடப்பட்டது என்பது மாவட்டச் செயலகத்துக்குத் தெரியும். பிரதேச செயலாளர் கையொப்பமிட்ட ஒரு சான்றிதழைக் காட்டும் பிரயாணியை வராதவர் என்று கொள்ளாது, மேலதிகக் கட்டணமின்றி இடமுள்ள அடுத்த விமானத்தில் ஏற்றுமாறு இலங்கையில் இயங்கும் எல்லா நிறுவனங்களையும் அரசு பணிக்கவேண்டும். மோசடிக்கு இடமில்லை, வெள்ளத்தைப் பொய்யாகக் காட்ட எவராலும் முடியாது.

இரண்டு, மொழி. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் டித்வாப் புயலின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற கண்டனம் பரவலாக எழுந்தது. எச்சரிக்கை ஒரு நாள் முந்திக் கிடைத்திருந்தால் ஒரு நாள் முந்திப் புறப்பட்டிருக்கலாம். முன்னதாகப் போ என்று அறிவுரை கூறுவோர், முன்னதாக அறிவிக்கும் கடமையையும் ஏற்கவேண்டும்.

மூன்று, நாமே செய்யக்கூடியது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். நவெம்பர் முதல் ஜனவரி வரை, மாணவர் சிலர் முறைவைத்து நடத்தும் ஓர் உதவி மேசை இங்கெல்லாம் இயலாததா? அதன் வேலை மிக எளியது. எல்லாக் கட்டப் பயணங்களையும் ஒரே பதிவில் எடுக்கச் சொல்வது; முகவர் மலிவு காட்டித் தனித்தனிச் சீட்டுகளை விற்றால், முதல் விமானம் பிந்தும்போது இரண்டாவதன் பொறுப்பை எவரும் ஏற்கார் என்பதை விளக்குவது. வீதி மூடப்பட்டால், விமானம் புறப்படுவதற்கு முன்னரே நிறுவனத்துக்கு அறிவிக்க உதவுவது. ஏனெனில் முன் அறிவித்தவருக்குப் பல இடங்களில் திகதி மாற்றம் கிடைக்கும், பின் அறிவித்தவர் வராதவராவார். ஐரோப்பாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருவோருக்கு அந்நாட்டுச் சட்டம் தரும் உரிமையை எடுத்துரைத்து, முறைப்பாட்டை எழுதிக் கொடுப்பது. பயணக் காப்புறுதி எடுத்திருப்பின் அதன் வாசகத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுவது. ஆங்கிலம் கற்ற பல்கலைக்கழக மாணவன் ஒருவன் தன் ஊருக்கு ஆற்றக்கூடிய பணிகளுள் இது சிறியதெனினும், இதனால் ஒரு காணி உறுதி ஈட்டிலிருந்து தப்பலாம்.

தமிழ்ச் சங்கத்துக்கும் விமானச் சீட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கக்கூடும். பழந்தமிழ் நூல்களில் பிரிவைப் பற்றி விரிவுரை கேட்கிறோம். பொருள்வயிற் பிரிவு என்று பரீட்சையில் எழுதுகிறோம். கார்காலம் வந்தும் வராத தலைவனுக்காக வருந்தும் தலைவியைப் போற்றுகிறோம். நமது அயலிலே பொருள்வயிற் பிரிந்தவள் குவைத்திலிருந்து திரும்பும் தாயாகவும், காத்திருப்பது ஓமந்தையில் நிற்கும் பிள்ளைகளாகவும் இருக்கும்போது மட்டும் அது இலக்கியத்துக்குப் புறம்பானதாகிவிடுமா?

மழை வரும் டிசெம்பரிலும் பெய்யும், பெய்யவேண்டும். இரணைமடு நிரம்பட்டும். அந்த மழையில் ஒரு பிரயாணி வீதியோரத்தில் நிற்கும்போது, அவருடைய பெயருக்கு நேரே வராதவர் என்று எழுதப்படுமா, வரமுடியாதவர் என்று எழுதப்படுமா என்பதை மழை தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிக்கும் இடங்களில் நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை. பேசுவோம்.